நீல வள்ளத்தில் ஏற வேண்டாம்

பெங்களூர்,
12-10-1998

அன்புள்ள தம்பி தாணுவுக்கு,

ஆடி மாதம் உன் வீட்டு முன்னறையைக் கடல் கொண்டுபோன அன்று, இடுப்பளவு அலையில் நின்று கதவு நிலையை இழுத்துக்கொண்டே நீ என்னிடம் ஒன்று கேட்டாய். "அக்கா, கோவளத்தில வெள்ளக்கார சாயிப்புக கூட்டங்கூட்டமா வாறானுவ. இஞ்ச பொழியூருல இப்படியொரு வள்ளக்கடவும் கால்வாயும் உண்டுன்னு ஒருத்தனுக்கும் தெரியாது. போர்டு வைக்கக்கூட கையில காசில்ல. எப்படியாக்கும் தெரிய வைக்கியது?"

பலகை அடித்து உன் நெற்றியில் இரத்தம் வழிந்துகொண்டிருந்தது. இந்த நேரத்திலா வியாபாரம் என்று எனக்குக் கோபம் வந்தது. என் முந்தானையைக் கிழித்து உன் தலையைக் கட்டினேன். பதிலை இப்போது சொல்கிறேன்.

மகள் ஸ்ரீகலா ஆபீசுக்குப் போனபிறகு அவளுடைய கம்ப்யூட்டர் சும்மா கிடக்கிறது. பென்ஷன் வாங்கும் மனுஷிக்கும் அது சொன்னபடி கேட்கிறது. நான் பூகோளம் எடுத்த வகுப்பில் ஒரு பெண் உலகப்படத்தைப் பார்த்து, "டீச்சர், நம்ம ஊரு இதில இல்லயே" என்று அழுதாள். நான் பேனாவால் ஒரு புள்ளி வைத்தேன். அவ்வளவுதான், மறுநாள் முதல் எல்லாப் பிள்ளைகளும் அந்தப் புள்ளியைத்தான் பார்த்தார்கள். இன்டர்நெட் பக்கம் என்பது அப்படி ஒரு புள்ளி. வெளிநாட்டுக் கம்பெனி ஒன்று அதற்கு இடத்தைச் சும்மா தருகிறது. பக்கத்தின் தலையில் அவர்களுடைய விளம்பரம் ஒன்று ஓடும், அதைப் பொறுத்துக்கொள்ள வேண்டும். பயணிகள் ஒருவரையொருவர் விசாரித்துக்கொள்ளும் இடங்களும் அங்கே உண்டு. அங்கே நான், கால்வாயில் நீ ஆள் ஏற்றி ஓட்டும் வள்ளத்தைப் பற்றி எழுதுவேன். ஈமெயில் எனக்கு வரும். ஞாயிறு காலை பத்து மணிக்கு நீ எஸ்.டி.டி. பூத்தில் நின்றால் போன் செய்து விவரம் சொல்வேன்.

நீ செய்ய வேண்டியது ஒன்றுதான். கடவைப் பற்றி விவரமாக எழுதி அனுப்பு. "நல்ல வள்ளம், அழகான ஊர்" என்று எழுதாதே. அப்படி எல்லாரும் எழுதுவார்கள். பொதுவாகச் சொன்னது மறந்துபோகும், உதாரணத்தோடு சொன்னது ஒட்டிக்கொள்ளும்.

விஜயம்மாவுக்கு இந்த நாத்தனாரின் அன்பு. நெற்றிக் காயம் ஆறிவிட்டதா?

உன் அக்கா,
கோமளவல்லி

*

பொழியூர்,
2-11-1998

அன்புள்ள அக்காவுக்குத் தாணு எழுதுவது.

காயம் ஆறிவிட்டது, தழும்பு உண்டு. கடல் இன்னும் அடங்கவில்லை. போன வாரம் தெக்கே இரண்டு தென்னையை வேரோடு இழுத்துப் போட்டது.

விவரம் கேட்டீர்கள். கடவில் ஏழு வள்ளம் உண்டு. விடியும்போது அவரவர் துடுப்பை மணலில் வரிசையாகக் குத்தி நிறுத்துவோம். முதல் துடுப்புக்காரனுக்கு முதல் ஆள், அடுத்தவனுக்கு அடுத்த ஆள். ஒருத்தன் காய்ச்சலில் கிடந்தாலும் அவன் துடுப்பை இன்னொருத்தன் குத்துவான், அவன் முறையையும் ஓட்டிக் கூலியை வீட்டில் கொண்டு கொடுப்பான். இதை எழுதி வைத்தவர் யாரும் இல்லை. மூத்த வள்ளக்காரர் ராஜையா பார்த்துக்கொள்வார். ஒருத்தன் துடுப்பை மற்றவன் பிடுங்கினால் அது அவன் பெண்டாட்டி தாலியறுத்த மாதிரி.

கால்வாய் வழியாகப் போனால் தாழம்பூ மணக்கும் கைதைக்காடு, மீன்கொத்தி, பிறகு ஆறு கடலில் விழுகிற மணல்திட்டு. ஒன்றரை மணி நேரம் ஆகும்.

சிரிக்க ஒன்று சொல்கிறேன். நம்ம சுவாமிதாஸின் நீல வள்ளத்தில் ஏறினால் பாதி வழியில் ஏறினவனே தண்ணீர் கோரி ஊற்ற வேண்டும். மத்தியானம் கழிந்தால் அவன் கள்ளு குடித்துவிட்டுப் பாடுவான். வள்ளம் அதன் பாட்டுக்குப் போகும். இதை அவன் முகத்துக்கு நேரேயே சொல்வேன். "எலே தாணு, எனக்க வள்ளத்தில ஓட்டை இல்லேன்னா மீனு எதுவழி கேறும்?" என்பான். என் கல்யாணத்துக்கு மூன்று நாள் பந்தல் வேலை பார்த்தவன். அவனுக்கும் நாலு சாயிப்பு கிடைக்கட்டும்.

தம்பி,
தாணு

*

பெங்களூர்,
20-11-1998

அன்புள்ள தாணு,

பக்கம் தயார். உன் போட்டோ மேலே இருக்கிறது. கைதைக்காடும் மீன்கொத்தியும் மணல்திட்டும் நீ சொன்னபடியே இங்கிலீஷில் இருக்கின்றன. ஒரு பைசா செலவில்லை. கேள்வி எழுதினவர்களுக்கு அன்றன்றே பதில் போடுகிறேன். பதில் தாமதித்தால் ஆள் வேறு இடம் தேடிப் போய்விடுவார், நேரத்தில் மணி அடிக்காத பள்ளிக்கூடத்தைவிட்டுப் பிள்ளைகள் போவதுபோல.

அந்நிய நாட்டுக்காரர் முதலில் கேட்பது பாதுகாப்பு. அதற்கு நீ எழுதியதிலேயே நல்ல உதாரணம் கிடைத்தது. பக்கத்தின் கடைசியில் இப்படிச் சேர்த்திருக்கிறேன்: "இந்தக் கடவில் நீல வள்ளத்தில் ஏற வேண்டாம். அது ஒழுகும். மத்தியானத்துக்குமேல் அதை ஓட்டுபவர் குடித்திருப்பார். தாணுவைப் பெயர் சொல்லிக் கேளுங்கள்."

டிசம்பர் 6 அன்று ஹாலந்து தம்பதி இருவர் வருகிறார்கள். உதியன்குளங்கரை ஜங்ஷனில் இறங்குவார்கள். நீயே ஆட்டோ பிடித்துப் போய் அழைத்துக்கொள்.

அக்கா

*

பொழியூர்,
28-12-1998

அன்புள்ள அக்கா,

இந்த மாதம் ஒன்பது தடவை ஆள் வந்தது. ஒரு வெள்ளைக்கார மதாமை விஜயம்மாவின் மீன்குழம்பைக் குடித்துவிட்டுக் கண்ணீர் விட்டு இன்னும் கேட்டாள். சந்தோஷம் அவ்வளவுதான். மற்றதைக் கேளுங்கள்.

ஒன்பதும் எனக்கே போனது. என் துடுப்பு ஏழாவதாக நின்றாலும் ஜங்ஷனிலிருந்து ஆளைக் கூட்டிவந்து நேரே என் வள்ளத்தில் ஏற்றினேன். முதல் தடவை யாரும் ஒன்றும் சொல்லவில்லை. மூன்றாவது தடவை ராஜையா, "மக்கா, இது முறையில்ல கேட்டியா" என்றார். "அவிய என்னைப் பேரு சொல்லிக் கேட்டு வாறாவ" என்றேன். "நாளைக்குப் பேரு சொல்லிக் கேட்டு எமன் வருவான், அவனையும் நீயே ஏத்து" என்றார். எல்லாரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன்.

கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் நான் கூட்டிவந்த சாயிப்பின் பையை மற்ற வள்ளக்காரர்கள் தூக்கிக் கால்வாயில் எறிந்தார்கள். எடுக்கக் குனிந்தபோது பின்னாலிருந்து ஒருத்தன் காதோடு சேர்த்து அறைந்தான். இன்னும் அந்தக் காதில் இரைச்சல்தான். நிமிர்ந்து பார்த்தால் மணலில் ஆறு துடுப்புதான் நிற்கிறது. என்னுடையது இரண்டாக ஒடிந்து தண்ணீரில் போகிறது. சுவாமிதாஸ் மட்டும் இறங்கி அதைப் பிடித்துக் கரையில் போட்டான். "எலே, ஆளுகளை முறைக்கு விட்டுக் குடு. உனக்கும் மதிப்பு, எங்களுக்கும் கஞ்சி" என்றான்.

அவன் சொல்வது சரி என்று எனக்குப் படுகிறது. பக்கத்தில் ஏழு பேர் பெயரும் போடுங்கள். பிறகு அந்த நீல வள்ளத்து வரியை எடுத்துவிடுங்கள் அக்கா. அதை நான் விளையாட்டுக்கு எழுதினேன்.

தாணு

*

பெங்களூர்,
10-1-1999

அன்புள்ள தாணு,

உன்னை அடித்ததை வாசித்தேன். காதை டாக்டரிடம் காட்டு, எண்ணெய் விட்டுக்கொண்டு இருந்துவிடாதே.

ஆனால் நிதானமாக யோசி. வகுப்பில் ஒரு பிள்ளை முதல் மதிப்பெண் வாங்கினால் மற்றவர்கள் அவன் சிலேட்டை உடைப்பார்கள். அதற்காக மதிப்பெண்ணை எல்லாருக்கும் பங்கு போடலாமா? ஒரு வருஷம் போகட்டும், பழகிவிடுவார்கள். ஏழு பேர் பெயரைப் போட்டால் வருகிறவருக்கு யாரை நம்புவது என்று தெரியாது. ஒரு கடைக்கு ஒரு பெயர்தான் நிற்கும்.

நீல வள்ளத்து வரியை இப்போது எடுக்க முடியாது. நாலு பேர் அதைப் பாராட்டியே எழுதியிருக்கிறார்கள், "உண்மையைச் சொல்கிற ஆள், இவரை நம்பலாம்" என்று. அந்த வரி வந்த பிறகு கடிதம் இரண்டு மடங்கு. அதை வாசிக்கிறவர் ஏழு கடலுக்கு அப்பால் இருக்கிறார். சுவாமிதாஸா கம்ப்யூட்டர் முன்னால் உட்காரப் போகிறான்?

சண்டை வேண்டாமென்றால் கடவுக்கே போகாதே. கால்வாய் ஓடும் உன் வீட்டுப் பின்புறத்திலிருந்து ஆளை ஏற்று.

அக்கா

*

நெய்யாற்றின்கரை சப் ஜெயில்,
14-2-1999

அக்காவுக்கு,

இதை விஜயம்மா கையில் கொடுத்து, வெளியே தபாலில் போடச் சொல்கிறேன். வாசித்ததும் கிழித்துவிடுங்கள்.

நீங்கள் சொன்னபடி வீட்டுப் பின்னாலிருந்து ஆள் ஏற்றினேன். ஜனவரி கடைசியில் நானும் விஜயம்மாவும் கோயிலுக்குப் போய்விட்டு மத்தியானம் வந்து பார்த்தால், வள்ளத்தின் அடியை மூன்று இடத்தில் கோடாலியால் பிளந்து போட்டிருந்தார்கள். அன்றைக்கே எனக்கு வெறி ஏறியது. விஜயம்மா காலைக் கட்டிக்கொண்டாள். அடங்கினேன்.

ஒன்பதாம் தேதி காலை எட்டு மணிக்கு ரதீஷின் ஆட்டோவில் ஒரு ஜெர்மன் சாயிப்பும் மதாமையும் வந்து இறங்கினார்கள். என் வள்ளம் பிளந்து கிடக்கிறது. நான் யோசித்தேன், இது நல்லதற்குத்தான், இவர்களை முறைக்குக் கொடுத்துவிடுவோம் என்று. கடவுக்குக் கூட்டிப்போய் ராஜையாவிடம், "அண்ணே, இனி எல்லாம் முறைக்குத்தான்" என்றேன். அவர் என் தோளைத் தொட்டார். அன்றைக்கு முதல் துடுப்பு சுவாமிதாஸுடையது. அவன் ஓடிவந்து வள்ளத்தைத் தோளில் கிடந்த தோர்த்தால் துடைத்து, மதாமையின் கையைப் பிடித்து ஏற்றப் போனான்.

அவள் நீல நிறத்தைப் பார்த்தாள். கையை உதறிவிட்டாள். சாயிப்பு பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்து, வள்ளத்தையும் காகிதத்தையும் மாறி மாறிக் காட்டி, நோ நோ என்றான். நீங்கள் போட்ட பக்கத்தை அச்சடித்துக் கொண்டுவந்திருந்தான். என் போட்டோ மேலே இருக்கிறது.

"என்னவாக்கும் எழுதியிருக்கு?" என்று சுவாமிதாஸ் கேட்டான். ரதீஷ் பத்தாம் கிளாஸ் ஜெயித்தவன். வாங்கி வாசித்துத் தமிழில் சொன்னான். சொல்லும்போதே அவன் குரல் இறங்கிவிட்டது.

சுவாமிதாஸ் காகிதத்தில் என் போட்டோவைப் பார்த்தான். "ஆரு எழுதினது?" என்றான்.

நான்தான் என்றேன்.

அவன் தன் துடுப்பை மணலிலிருந்து உருவி என் விலாவில் வீசினான். எலும்பு ஒடிகிற சத்தம் எனக்கே கேட்டது. விழுந்தேன். எழும்பும்போது கையில் இன்னொருத்தன் துடுப்பு அகப்பட்டது. அவன் இரண்டாவது ஓங்கினான். நான் முந்திக்கொண்டேன். துடுப்பின் விளிம்பு அவன் இடது கண்ணில் குறுக்கே விழுந்தது. அவன் நின்றபடியே முகத்தைப் பொத்தினான். விரல் இடுக்கில் வெள்ளையும் சிவப்புமாக வந்தது. நான் நிறுத்தியிருக்க வேண்டும். நிறுத்தவில்லை அக்கா. காதில் வாங்கிய அடி, பிளந்த வள்ளம் எல்லாம் அவன் செய்யாதது. ஆனால் அவனைத்தான் அடித்தேன். மூன்று தடவை. பிறகு மற்ற ஐந்து பேரும் என்மேல் விழுந்தார்கள். இடது கையில் மூன்று விரலைக் கல்லில் வைத்து நசுக்கினார்கள். மதாமை அலறிக்கொண்டே இருந்தாள்.

எழுதினது நான் என்றே போலீசிலும் சொல்லியிருக்கிறேன். நீங்கள் வாய் திறக்கக் கூடாது.

தாணு

*

பெங்களூர்,
22-2-1999

தாணு,

வரியை எடுத்துவிட்டேன். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. நீ டிசம்பரில் கேட்டபோதும் அந்த ஒரு நிமிடம்தான் ஆகியிருக்கும். பிறகு பக்கத்தையே அழித்தேன். ஜெர்மன்காரரின் காகிதம் மட்டும் போலீஸ் ஸ்டேஷனில் இருக்கிறது என்று விஜயம்மா போனில் சொன்னாள்.

நான் அடுத்த ரயிலில் வருகிறேன். எழுதினது நான் என்று சொல்கிறேன். நீ பொய் சொல்லி என்னைக் காப்பாற்ற வேண்டாம்.

அக்கா

*

பொழியூர்,
30-5-1999

அக்காவுக்கு,

வர வேண்டாம். பிப்ரவரியில் விஜயம்மாவைப் போன் செய்யச் சொல்லித் தடுத்தேன், இப்போதும் அதையே எழுதுகிறேன்.

ஜாமீனில் வந்து இரண்டு மாதம் ஆகிறது. வந்த வாரமே சுவாமிதாஸின் அண்ணன் தம்பிமார் என் வலைக்கொட்டகையைக் கொளுத்தினார்கள். தண்ணீர் ஊற்றப் போன விஜயம்மாவின் தலையில் கல் விழுந்தது. ஏழு தையல். "ஒருத்தனைத்தான் வெட்டணும்" என்று முச்சந்தியில் நின்று எல்லார் காதிலும் விழச் சொல்கிறார்கள். அந்த ஒருத்தன் நானாகவே இருக்கட்டும். உங்கள் பெயர் வெளியே வந்தால் பெருங்கடவிளையில் பூட்டிக்கிடக்கிற உங்கள் வீட்டுக்கும் தீ வரும்.

சுவாமிதாஸுக்கு ஒரு கண்ணை எடுத்துவிட்டார்கள். அந்தக் காயத்தின் கேடு மற்ற கண்ணுக்கும் ஏறிவிட்டது என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்களாம். இப்போது வெளிச்சம், இருட்டு, அவ்வளவுதான் தெரியும். நீல வள்ளத்தை மணலில் கவிழ்த்துப் போட்டிருக்கிறார்கள். கடவில் அவன் துடுப்பும் இல்லை, என் துடுப்பும் இல்லை.

அவன் வீட்டு வாசலில் உட்கார்ந்து போகிற வருகிற எல்லாரிடமும் ஒன்றையே கேட்கிறானாம். ரதீஷ் வந்து சொன்னான். "அடிச்சது போகட்டு. கண்ணு போனதும் போகட்டு. நமக்குள்ள பேசின விளையாட்டுப் பேச்ச அவன் எதுக்கு வெள்ளக்காரனுக்கு வித்தான்? அதை மட்டும் அவனுக்க வாயால கேக்கணும்."

நான் விற்கவில்லை என்றால் யார் விற்றது என்று கேட்பான். அதனால் அந்தப் பக்கமே போகவில்லை. வயலைச் சுற்றிப் போகிறேன்.

உங்கள்மேல் கோபம் இல்லை என்று எழுதினால் பொய். வரியை எடுங்கள் என்று கேட்டேன். நீங்கள் உதாரணம் சொன்னீர்கள். இனிமேல் எனக்கு எழுத வேண்டாம் அக்கா. கடிதம் வந்தாலே விஜயம்மா நடுங்குகிறாள்.

தாணு

*

சிவன்கோயில் பின்தெரு,
பெருங்கடவிளை,
16-8-1999

அன்புள்ள தாணுவுக்கு,

எழுத வேண்டாம் என்றாய். இரண்டரை மாதம் எழுதவில்லை. இது ஒன்றை மட்டும் வாங்கிக்கொள். விஜயம்மாவிடம் முதலிலேயே சொல்லிவிடு, இதில் வியாபார யோசனை ஒன்றும் இல்லை.

மேலே முகவரியைப் பார்த்திருப்பாய். ஸ்ரீகலா எவ்வளவோ தடுத்தாள். போன வாரம் வந்துவிட்டேன். தனியாகத்தான் இருக்கிறேன். தீ வைக்க வருகிறவர்கள் தேடி அலைய வேண்டாம், தெருவையும் எழுதியிருக்கிறேன். மரணபயம் இல்லை என்று சொல்லமாட்டேன். ஆட்டோ நிற்கிற சத்தம் கேட்டால் எழுந்துபோய்க் கதவுத் தாழ்ப்பாளைப் பார்க்கிறேன். அந்தப் பயத்தை ஆறு மாதமாக நீயும் விஜயம்மாவும் எனக்குப் பதிலாக வைத்திருந்தீர்கள். இனி என்னிடம் இருக்கட்டும்.

உன் வக்கீலைப் பார்த்து, அந்த வரி என்னுடையது என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். கோர்ட்டில் அது உனக்கு உதவுமா என்று அவருக்கே தெரியவில்லை. அடித்தது நீ. அதை நான் ஏற்க முடியாது. எழுதினது நான். அதை நீ ஏற்க முடியாது.

சுவாமிதாஸ் கேட்கிற கேள்விக்குப் பதில் என்னிடம்தான் இருக்கிறது. அவனுக்குச் சொல்கிறேன்.

சுவாமிதாஸே, நான் கோமளவல்லி. தாணுவின் அக்கா. அவன் கல்யாணத்தில் பந்தல் கயிறு அறுத்து உன் கையில் இரத்தம் வந்தபோது மஞ்சள் வைத்துக் கட்டியவள். உன் வள்ளத்தைப் பற்றித் தாணு எனக்கு ஒரு கடிதம் எழுதினான். அதில் உன்னைக் கேலி செய்திருந்தான், நீ அவனுக்குச் சொன்ன பதிலையும் எழுதியிருந்தான். ஓட்டை இல்லையென்றால் மீன் எப்படி ஏறும் என்றாயாமே. அதை வாசித்து நான் தனியாக இருந்து சிரித்தேன். கடைசியில், உனக்கும் நாலு ஆள் கிடைக்கட்டும் என்று எழுதியிருந்தான். நான் உன் பதிலையும் அவன் ஆசையையும் விட்டுவிட்டேன். ஒழுகும், குடிப்பான் என்ற இரண்டை மட்டும் எடுத்து இங்கிலீஷில் உலகத்துக்குப் போட்டேன். அது வியாபாரத்துக்கு நல்லதாக இருந்தது. தாணு அதை எடுக்கச் சொன்னான். ஆளுகளை முறைக்கு விட்டுக்கொடு என்று நீ சொன்னதைக் கேட்டு, ஏழு பேர் பெயரையும் போடச் சொன்னான். நான் மறுத்தேன். நீ வாசிக்கப் போவதில்லை என்று எழுதினேன். அந்தக் கடிதத்தின் நகல் என்னிடம் இருக்கிறது, யார் கேட்டாலும் காட்டுவேன்.

விற்றவள் நான். அவன் தன் பெயரைச் சொன்னது என்னை மறைக்க. உன் கண்ணுக்கு அவன் பதில் சொல்ல வேண்டும், உன் மானத்துக்கு நான். உன் வீட்டார் எப்போது கூப்பிட்டாலும் கடவில் வந்து நின்று இதையே சொல்வேன்.

தாணு, இனி உனக்கு. அவன் மன்னிப்பான் என்று நான் சொல்லவில்லை. கையில் கிடைத்ததை எடுத்து உன்னை அடிக்கலாம். அடித்தால் வாங்கிக்கொள். ஆனால் உன் வாயால் கேட்க வேண்டும் என்று அவன் சொல்லி மூன்று மாதம் ஆகிறது. அவனுக்கு இனி எதையும் வாசிக்க முடியாது, யாராவது வாசிக்கத்தான் வேண்டும். ரதீஷிடம் கொடுத்து அனுப்பாதே.

நாளைக் காலையில் வயலைச் சுற்றாமல் நேர்வழியே போய், சுவாமிதாஸின் எதிரே உட்கார்ந்து, இந்தக் கடிதத்தை முதல் வரியிலிருந்து சத்தமாக வாசித்துப் பார்.

அக்கா,
கோமளவல்லி